முருங்கையடிப் பதிவேடு

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் தணிகாசலம், முருங்கையடி நாற்காலி முனகாதபடி மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். மணி ஐந்து ஐம்பது. இனி ஆறு இருபது வரை இந்த வீட்டில் மோட்டார் போடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, குழாயடியில் பாத்திரம் உருளக் கூடாது. பத்தொன்பது வருடமாக இதுதான் சட்டம். போட்டவர் அவர், அடங்கி நடப்பவள் அவர் மனைவி லோகநாயகி. அவள் இந்நேரம் அடுக்களைப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், கழுவாத பால் குண்டானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யாராவது கேட்டால் "குருவிங்க மீட்டிங் நடக்குது" என்பாள். அவர் மடியில் பதிவேடு கிடந்தது. கோடு போட்ட நீள நோட்டு, நாலு பத்தி: தேதி, பெயர், எண்ணிக்கை, கேட்டவர். கடைசிப் பத்தியில் எல்லா வரியிலும் ஒரே பெயர், த. தணிகாசலம். ஏழு மணிக்கு மருமகள் பூங்கோதை வந்து இந்த நோட்டை வாங்கிக்கொண்டு போவாள். பத்து மணிக்குக் கோட்டாட்சியர் ஆபீசில் விசாரணை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குட்டையில் மண்ணடித்து மனை பிரிக்க ஒருவன் கிளம்பியிருக்கிறான், தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள், மனுவின் முதல் வரி இந்தக் குட்டையையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் நம்பி நாற்பத்தொரு வகைப் பறவைகள் வாழ்கின்றன என்பது. நாற்பத்தொன்று. அதில் பன்னிரண்டின் குரலை அவர் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டதாகத்தான் நோட்டில் இருக்கிறது. இது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஏழு மணிக்குள் சொன்னால் உண்டு, ஏழு மணிக்கு மேல் சொன்னால் அது வேறு பெயர் கொண்ட காரியம்.

காக்கை இரண்டு. குயில் ஒன்று, ரயில் பாதைப் பக்கம். செம்போத்து, சுரைக்குடுக்கைக்குள் ஊதுகிற மாதிரி அந்தத் தடித்த குரல், அது கேட்கிறது, செத்தாலும் அது கேட்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் கொய்யாவடியில் சச்சரவைத் தொடங்கிவிட்டது, ஏழோ எட்டோ, எட்டென்று எழுதலாம், இல்லை, ஏழு. இன்றைக்காவது சரியாக எழுது. குட்டையிலிருந்து கானாங்கோழி. ஆட்காட்டி. கனத்த குரல்களெல்லாம் வரிசையாக வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போகின்றன, ஒல்லிக் குரல்களைத்தான் காணோம். வாழ்நாள் முழுக்க எளியவன் குரல் எளியவன் குரல் என்று தொண்டை கிழியப் பேசியவனுக்குக் கடைசியில் எளிய குரல்கள்தான் கேட்காமல் போயின. மேடையாக இருந்தால் இந்த இடத்தில் கைதட்டல் விழுந்திருக்கும். ஐந்து ஐம்பத்து நாலு மின்சார ரயில் போயிற்று, அதன் தடதடப்பு காதில் விழுவதற்கு முன் நாற்காலிக் காலில் ஏறியது. அன்றைக்கும் இந்த ரயில் போன பிறகுதான். இதே மாசி மாதம், இரண்டு வருடத்துக்கு முன்னால், தலைக்கு நேர் மேலே முருங்கைப் பூங்கொத்தில் ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கியது. ஆண், வெயில் படப்பட ஊதாவும் பச்சையுமாக மின்னுகிற சாதி. மூக்கைத் திறந்தது, மூடியது, திறந்தது. தொண்டை மயிர் சிலிர்த்து அதிர்ந்தது. சத்தம் இல்லை. மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்ட பிறகும் பேசிக்கொண்டே இருக்கிற பேச்சாளனைப் போல அது கத்திக்கொண்டே இருந்தது, அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காதைக் குடைந்தார், எச்சில் விழுங்கினார், விரலைச் சொடக்கிப் பார்த்தார். சொடக்கு கேட்டது. குருவி கேட்கவில்லை. கேட்டது மட்டுமே பதிவு, பார்த்தது பதிவாகாது, ரெக்கார்டரில் பார்வை விழாது என்பது அவரே வகுத்த விதி. விதிப்படி அந்தத் தேன்சிட்டு அன்று வரவில்லை. ஆனால் ஒரு முழ தூரத்தில் இருக்கிறதே, வந்திருக்கிறவனை வரவில்லை என்று எழுதுவது மட்டும் நியாயமா? தேன்சிட்டு ஒன்று என்று எழுதினார். அது பொய் இல்லை. மறுநாள் அது கண்ணுக்கும் படவில்லை. நேற்று வந்தது இன்று வராமலா இருக்கும்? தேன்சிட்டு ஒன்று. அடுத்த வாரம் தையல்சிட்டைக் காணோம், அதற்கடுத்து மலர்க்கொத்தி, கதிர்க்குருவி. ஒவ்வொன்றாக வாயடைத்துப் போக, ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டே வந்தார். நம்ம ஆள்தான், எழுது.

நம்ம ஆள்தான், எழுது. இந்த மூன்று சொல் எத்தனை வருடத்துப் பழக்கம். போல்ட் கம்பெனிச் சங்கத்தில் கேட் கூட்டத்துக்கு வருகைப் பட்டியல் எடுக்கும்போது ஒருவன் காய்ச்சலில் கிடப்பான், ஒருவன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருப்பான், ஒருவன் சாராயக் கடையில் இருப்பான். நம்ம ஆள்தான் என்று சொல்லி எல்லோரையும் எழுதுவார்கள். எழுதுவதில் தவறு இல்லை, மனசால் அவன் இங்கேதான் நிற்கிறான், வெளியில் இருக்கிறவனுக்கு இது விளங்காது. சவரிமுத்துவுக்கு மட்டும் விளங்கவில்லை, அவன் உள்ளே இருந்தவன். பட்டியல் எழுதினவனே அவன்தான். வேலைநிறுத்தத்தின் நாற்பத்து மூன்றாம் நாள், காலை ஷிப்டு மணிக்கு, தார் டிரம்மின் மேல் ஏறி நின்ற தணிகாசலத்தின் கையில் அவன் துண்டுச் சீட்டைத் திணித்தான். இருநூற்று அறுபத்து நாலு. "மீதிப் பேரு பின்வாசல் வழியா உள்ள போயிட்டாங்க தோழர். நானே நின்னு பாத்தேன். அவன் குடுக்கறத வாங்கிக்கிட்டு இன்னிக்கே முடிச்சிடலாம். இருக்கறதச் சொல்லுங்க." இருக்கிறதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கீழே நின்றவர்களின் முகங்கள். கர்ப்பிணிப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றவன்கூட உண்டு அதில். நானூற்றுப் பத்துத் தோழர்கள் நம்மோடு நிற்கிறார்கள் என்று கேட்டது அவர் குரல். கைதட்டல். அந்தக் கைதட்டலில் சமரசம் போயிற்று. அறுபத்தோராம் நாள் எல்லாமே போயிற்று, முப்பத்தெட்டுப் பேருக்கு நிரந்தரமாக வேலை போயிற்று, அதில் அவரும் ஒருவர், சவரிமுத்துவும் ஒருவன். தனக்கும் போனதை ஒரு கௌரவமாக இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தார், நானும் இழந்தேன் என்று. பிறகு ஒரு தடவை அரக்கோணம் பிளாட்பாரத்தில் சவரிமுத்துவைப் பார்த்தார். ஆள் பாதியாக இருந்தான், செக்யூரிட்டிச் சட்டை போட்டிருந்தான். இவர் திரும்பிக்கொள்வதற்குள் அவன் பார்த்துவிட்டான். "அடடே, தோழர் தணிகாசலம்! அந்த நானூத்திப் பத்துப் பேரும் சௌக்கியமா?" பெரிய சிரிப்பு. டீ வாங்கிக் கொடுத்தான், வண்டி வந்ததும் ஏறிக்கொண்டான். அடுத்த வருடம் இறந்துபோனதாகச் சேதி வந்தது. சாவுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். காய்ச்சல் இல்லை.

புறா. புள்ளிப்புறா, ஒன்று. எழுது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதிய நோட்டு இது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். நாலணாப் பிரசுரத்தில் பொருளாதாரம், எட்டணாப் பிரசுரத்தில் சரித்திரம், பஸ் ஸ்டாண்டில் கொடுத்த நோட்டீசின் பின்பக்கத்தில் இலக்கணம். குருவியும் அப்படித்தான் வந்தது. வேலை போன பிறகு, லேபர் கோர்ட்டில் பேச வேண்டிய பேச்சை இதே மரத்தடியில் சங்கத்து டேப் ரெக்கார்டரில் பேசிப் பார்த்தார். போட்டுக் கேட்டபோது தன் குரலே தனக்குச் சகிக்கவில்லை, டிரம்மின் மேல் நின்ற அதே குரல். ஆனால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் யாரோ விசிலடிக்கிற மாதிரி ஒன்று, சுத்தமாக, அவரைச் சட்டையே செய்யாமல். கொண்டைக்குருவி என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று, பொருட்காட்சியில் வாங்கி வந்த மடிப்புத் தாளில் படம் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் பேசவில்லை, டேப் மட்டும் ஓடியது. ஒரு பக்கம் அரை மணி. கேசட் காலம் போய், மகன் விரல் நீளத்துக்கு ஒரு மிஷின் வாங்கித் தந்த பிறகும் அதே அரை மணி. தெருக்கோடியில் ரிடையரான பேங்க் மேனேஜர் இருக்கிறார், கழுத்தில் பைனாகுலர், அலமாரி நிறையப் புத்தகம், வேடந்தாங்கலுக்கு வருடம் ஒரு கார்ப் பயணம். வைத்திருக்கிறாரா பத்தொன்பது வருடக் காலை? ஒரு மாதக் காலை? அதைத்தான் தெருக் கூட்டத்தில் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தவர்தான். மேனேஜர் எழுந்து, ஆதாரம் இல்லாமல் ஆபீசர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நீட்டி முழக்கவும், கால் தானாக எழுந்து நின்றது. "ஆதாரம் என் வீட்டுல இருக்கு. நாப்பத்தொரு வகை. நாள் தவறாம." கைதட்டல். எழுபத்திரண்டு வயதில் ஒரு கைதட்டல், அதுவும் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், நாற்பது பேர். அதற்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததே, வெட்கங்கெட்ட உடம்பு. அன்று ராத்திரியே பூங்கோதை கைபேசியும் கையுமாக வந்து உட்கார்ந்து, "மாமா, நோட்டீசுக்கு வாசகம் சொல்லுங்க" என்றாள். சொன்னார். வாசகம் சொல்லுவதில் அவரை அடிக்க இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது.

நல்ல பெண். பள்ளிக்கூடத்து டீச்சர். மகனுக்கு மனுவைப் படிக்கச் சொன்னாலே கொட்டாவி வரும், இவள் இரண்டு வாரத்தில் நூற்று நாற்பது வீட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து வாட்ஸாப்பில் அனுப்பினால் நூறு பேர் வந்து நிற்கிறார்கள், நாங்கள் பசை வாளியோடு சுவர் சுவராக அலைந்தோம். பொறாமைதான், ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது. போன விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டு மட்டும் போதாது, ஒலிப்பதிவுகளையும் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபார்க்கிறோம் என்றானாம். கம்ப்யூட்டர் கேட்டுச் சொல்லுமாம், இந்த நிமிடம் இந்தக் குருவி என்று. பூங்கோதை அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள், "குடுத்துடலாம் மாமா, நமக்கென்ன பயம்?" அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டுப் பார்த்தார். எதைக் கேட்பது? அந்த நாளில் குருவியைக் கேட்காத அதே காது பதிவில் மட்டும் கேட்டுவிடுமா? ரெக்கார்டரைக் காதோடு வைத்து அழுத்தினார், காக்கைதான் காதைக் கிழித்தது. பன்னிரண்டும் அதில் இருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். பொய்யா மெய்யா என்று சொன்னவனுக்கே தெரியாத ஒரு பொய், இது எந்தக் கணக்கில் சேர்த்தி. போன பொங்கலுக்கு மகன், காது டாக்டரிடம் ஒருமுறை காட்டலாமே என்றான், டிவி சத்தம் தெருவுக்குக் கேட்கிறதென்று. முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில் நின்ற காது, ஓயாமல் போல்ட் தலை அடிக்கிற சத்தத்தில், பஞ்சுகூட வைத்துக்கொள்ளாமல். அதற்கு என்ன காட்டுவது? காதில் மிஷின் மாட்டியவன் எழுதிய நோட்டை எவன் நம்புவான் என்று கத்தினார். அப்போதே அவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியாது, அவன் கவலை அவனுக்கு. ஒன்றும் சொல்லாமல் நோட்டைக் கொடுத்துவிடலாம். பதிவில் இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால்? ஒரு குருவி பொய் என்று தெரிந்தால் போதும், அந்த வக்கீல் நாற்பத்தொன்றையும் பொய்யாக்கிவிடுவான், அவரே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வார். குட்டை போகும். பூங்கோதையின் முகம் போகும், நூற்று நாற்பது வீட்டுக்கு நடுவில். சொல்லிவிட்டால் இருபத்தொன்பது மிஞ்சும். இருபத்தொன்பதும் சின்னக் கணக்கு இல்லை. எப்படித் தொடங்குவது? தோழர்களே, என் வாழ்நாளில் நான் ஒருபோதும். சீ. இந்த வாய் எதைத் தொட்டாலும் மேடை போட்டுவிடுகிறது. அசதியாக இருந்தது. கை கால் அசதி இல்லை, குரலின் அசதி, இன்னும் ஒரு தடவை ஒரு எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டுமே என்கிற அசதி. செம்போத்து மறுபடியும் ஊதியது. எழுதிவிட்டோமே உன்னை.

பூங்கோதை ஆறு பத்துக்கே வந்துவிட்டாள். தலையில் ஈரத்துண்டு, தோளில் பை, பேசாமல் படியருகே நின்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள், முடியட்டும் காத்திருக்கிறேன் என்று. அவர் கையசைத்துக் கூப்பிட்டார். "இங்க வாம்மா." அவள் பதறிப்போய் சிவப்பு விளக்கைக் காட்டினாள். "மாமா, ஓடுது." "ஓடட்டும். நாப்பத்தொண்ணு இல்லம்மா. இருபத்தொம்பது." "என்னது?" "பன்னெண்டு நான் கேக்கல. ரெண்டு வருஷமா. கேட்ட மாதிரி எழுதிட்டேன்." அவள் முதலில் சிரித்தாள். "காலங்காத்தால விளையாடாதீங்க மாமா." பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், தோளிலிருந்து பையை இறக்கினாள். "இத முந்தாநேத்தே சொல்றதுக்கென்ன? ரெண்டாயிரம் நோட்டீஸ். வீடு வீடா நானே போட்டேன். அந்த மேனேஜர் நாப்பத்தொண்ணான்னு இழுத்தாரு, எங்க மாமனார் பொய் எழுத மாட்டாருன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கேன்."  அவள் குரலைத் தாழ்த்தினாள், "குருவி இல்லையா, இல்ல உங்களுக்குக் காது கேக்கலியா?" என்றாள். "காது." "அப்ப குருவி இருக்கலாம் இல்ல?" "இருக்கலாம்." "இருக்கலாம்னா இருந்துட்டுப் போகட்டுமே மாமா. யாரு வந்து உங்க காதுக்குள்ள எட்டிப் பாக்கப் போறாங்க? குட்டை நிக்கணுமா வேணாமா?" கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னாள். நல்லதற்குத்தான் சொல்கிறாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நிக்கணும். நின்னா இருபத்தொம்பதுல நிக்கட்டும். பேனா வெச்சிருக்கியா? நீ பேரு படி."

 அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்துப் பெயர்ப் பட்டியலை மடியில் விரித்தாள், பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்தாள். "தேன்சிட்டு." "இல்ல." கோடு. "மலர்க்கொத்தி." "இல்ல." கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி. "கதிர்க்குருவி." "இல்ல." ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் உடம்பில் ஏதோ ஒன்று இறங்கியது, பாரம் என்று சொல்ல முடியாது, பாரம் இறங்கினால் சுகமாக இருக்க வேண்டும். "தையல்சிட்டு." "இல்ல." "அது இருக்குது" என்றாள் லோகநாயகி. அடுக்களைப் படியில் உட்கார்ந்தபடியே, எதற்கோ இடையில் சொல்லுகிற மாதிரி. பூங்கோதை திரும்பினாள். "எது அத்தை?" "பேரெல்லாம் எனக்கெங்க தெரியும்? எலுமிச்சச் செடியில எலையத் தச்சுக் கூடு கட்டுச்சே, அதானே? டிவிட்டு டிவிட்டுன்னு நிறுத்தவே நிறுத்தாது. தோ இப்பக்கூட அடிச்சுக்குது." பூங்கோதை தலையைச் சாய்த்தாள், முகம் மாறியது. "ஆமா மாமா! எனக்கே கேக்குது. அந்த மூலையில." அவர் எலுமிச்சைச் செடியைப் பார்த்தார். செடி இருந்தது, கொடியில் லோகநாயகியின் புடவை இருந்தது, குட்டைப் பக்கமிருந்து கானாங்கோழி கேட்டது. அந்த மூலை சுவரைப் போல மௌனமாக இருந்தது. "நான் கேக்கல. கேட்டவர்னு என் பேரு இருக்கு. அடி." "இருக்கறத எப்படி மாமா அடிக்கறது?" "அடி." அடித்தாள். அந்தக் கோடு மட்டும் கோணலாகப் போயிற்று. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப அத்தை பேர்ல எழுதட்டுமா?"

வாய் திறந்தது, வேண்டாம் என்று சொல்லத்தான். இந்த நோட்டில் இன்னொரு பெயரா. அவளுக்கு என்ன தெரியும், ஒரு பெயராவது தெரியுமா, பிரசுரம் படித்தாளா, ஒரு நாளாவது கூட வந்து உட்கார்ந்தாளா? உட்கார்ந்தாள். அங்கே, அந்தப் படியில், தினம், அதே அரை மணி. கையில் வேலை இல்லாமல், பேசவும் கூடாமல், அவள் வேறு என்ன செய்திருப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள், இன்னிக்கு என்னென்ன கத்திச்சு என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். தோன்றவே இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறவர்களைக் கணக்கில் கூட்டத்தான் தெரிந்தது அவருக்கு. "என்னை ஏன் கேக்கற?" என்றார்.  "எழுதப் போறது அவ பேரு. அவளைக் கேளு."

பூங்கோதை நோட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போனாள். "ஐயே, எனக்கெதுக்கு? ஆபீசுல வந்து நிக்கச் சொன்னா நான் எந்தப் புடவை கட்டறது?" என்று லோகநாயகி சொன்னது கேட்டது. பிறகு இருவரும் குரலைத் தழைத்துக்கொண்டார்கள், அவருக்கு எட்டவில்லை. லோகநாயகி வேப்பமரத்தைக் காட்டினாள். உதட்டைக் குவித்து எதையோ ஊதிக் காட்டினாள். பூங்கோதை இல்லை இல்லை என்று தலையாட்டி வேறொன்றை ஊதினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், பேனா நோட்டில் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. விரல்கள் மடங்கின. எத்தனை விரல் என்று இங்கிருந்து தெரியவில்லை. பன்னிரண்டும் வரலாம், நாலோடு நின்றுவிடலாம். பத்து மணிக்கு அது போதும் என்றும் ஆகலாம், போதாது என்றும் ஆகலாம். ஆறரை ரயில் போகிற வரை பொறுத்துப் பார்த்தார்.

"எத்தனை ஆச்சு?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

லோகநாயகி திரும்பாமலே கையைத் தூக்கினாள்.

"இருங்க. இன்னும் முடியல."